பி பிளாக் காலை ஓட்டம் – செந்திலின் குதிகால்

ஞாயிற்றுக்கிழமை

மூர்த்தி அங்கிள், 6:52: செந்தில், பெசன்ட் நகர் கடற்கரையில் அரை மணி நேரம் உனக்காக நின்றோம். தூங்கிவிட்டாயா?

செந்தில், 6:58: இல்லை அங்கிள். கட்டிலை விட்டு இறங்கியதும் வலது குதிகாலில் சுளீரென்றது. சுவரைப் பிடித்துக்கொண்டுதான் பாத்ரூம் வரை போனேன்.

தேவி, 7:00: மூன்று வாரமாகவே இப்படித்தான். எனக்குத் தெரியாமல் தைலம் தேய்த்துக்கொண்டு ஓடப் போகிறாராம். வீடே மணக்கிறது.

மூர்த்தி அங்கிள், 7:03: குதிகால் நரம்பு இழுத்திருக்கும். ஒரு மாதம் பேசாமல் படு.

செந்தில், 7:04: ஜனவரியில் சென்னை மாரத்தான் அங்கிள். 21 கிலோமீட்டருக்குப் பணம் கட்டிவிட்டேன்.

கல்யாணி அக்கா, 7:09: நரம்பு இல்லை அங்கிள், தசைநாண். கெண்டைக்கால் தசையைக் குதிகால் எலும்போடு கட்டுகிற நார். செந்தில், வலி எலும்பில் ஒட்டுகிற இடத்திலா, மூன்று விரல் மேலேயா?

செந்தில், 7:10: மேலே. கிள்ளினால் உயிர் போகிறது.

கல்யாணி அக்கா, 7:12: சரி. சுவரைத் தொட்டுக்கொண்டு ஒற்றைக் காலில் நில். முட்டியை மடக்காமல் குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கு. ஒவ்வொரு காலுக்கும் எத்தனை என்று எண்ணு. வலி கூடினால் நிறுத்திவிடு.

செந்தில், 7:21: இடது 24. வலது 9. அதற்கு மேல் கால் வெடவெடவென்று ஆடுகிறது.

மூர்த்தி அங்கிள், 7:22: வாரம் 45 கிலோமீட்டர் ஓடுகிற காலா இது!

கல்யாணி அக்கா, 7:26: அதேதான் அங்கிள். ஓடும்போது ஒவ்வொரு அடிக்கும் உடம்பு எடையைப் போல இரண்டு மூன்று மடங்கு காலில் இறங்குகிறது. கெண்டைக்காலின் உள்தசைக்கு ஆறு மடங்கு வரை போகும். நிமிடத்துக்கு 160, 170 அடி. இதைத் தாங்குகிற வலு ஓடி ஓடியே வந்துவிடும் என்று நானும் நினைத்திருந்தேன், முட்டி வலியில் நான்கு மாதம் உட்காரும்வரை. பத்து கிலோ அரிசிப் பையை அணைத்துக்கொண்டு பஸ்கி போட்டுத்தான் எழுந்தேன்.

மூர்த்தி அங்கிள், 7:28: பஸ்கி, தண்டால், கர்லாக்கட்டை எல்லாம் நாங்கள் அந்தக் காலத்திலேயே செய்தோம்.

கல்யாணி அக்கா, 7:28: அப்புறம் ஏன் விட்டீர்கள்?

மூர்த்தி அங்கிள், 7:29: கல்யாணம் ஆகிவிட்டது.

செந்தில், 7:31: எடை தூக்கினால் உடம்பு ஊதி, வேகம் குறைந்துவிடாதா அக்கா?

கல்யாணி அக்கா, 7:32: ஊத வேண்டும் என்றே தினம் இரண்டு மணி நேரம் ஜிம்மில் கிடக்கிற பையன்களுக்கே வர மாட்டேன் என்கிறது. உனக்கா வந்துவிடும்?

பிரபு, 7:34: ஓடவே நேரம் போதவில்லை. இதற்கு எங்கே போவது?

கல்யாணி அக்கா, 7:38: கூடுதல் நேரம் வேண்டாம் பிரபு. பின்லாந்தில் 1999இல் வந்த ஆய்வு ஒன்று உண்டு. ஒரு குழுவுக்குப் பயிற்சி நேரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் குதிப்பு, குறுவேக ஓட்டம், எடைப்பயிற்சி கொடுத்தார்கள். 9 வாரத்தில் அவர்களின் 5 கிலோமீட்டர் நேரம் குறைந்தது. உடம்பு ஆக்சிஜன் எடுக்கும் உச்ச அளவு கூடவே இல்லை. அதே வேகத்தில் ஓட ஆக்சிஜன் குறைவாகத் தேவைப்பட்டது, அவ்வளவுதான். நம்மைப் போன்றவர்களுக்கு வாரம் இரண்டு நாள், அரை மணி நேரம் போதும்.

செந்தில், 7:40: இப்போது என் காலுக்கு?

கல்யாணி அக்கா, 7:45: படி விளிம்பில் முன்பாதத்தை வைத்து நில். இரண்டு காலாலும் ஏறு, வலது காலால் மட்டும் மெதுவாக இறங்கு. குதிகால் படிக்குக் கீழே போகட்டும். முட்டி நேராக 15, மூன்று முறை. முட்டி லேசாக மடங்கி இன்னொரு மூன்று முறை. காலையும் மாலையும், 12 வாரம். எலும்பிலேயே வலித்திருந்தால் படியில் வேண்டாம், தரையில் செய் என்றிருப்பேன். சுவீடன் டாக்டர் ஆல்ஃப்ரெட்சன் 1998இல் எழுதிய முறை. அவருக்கே இந்த வலி. அறுவைச் சிகிச்சை செய்ய மாட்டோம் என்று விட்டார்களாம். வலி முற்றட்டும், அப்போது அவர்கள் செய்துதானே ஆக வேண்டும் என்று வலிக்க வலிக்கச் செய்தாராம். குணமாகிவிட்டது!

தேவி, 7:47: இவருக்குச் சரியான குரு.

கல்யாணி அக்கா, 7:48: வலி சுருக்கென்று ஏறினால் மட்டும் நிறுத்தி டாக்டரைப் பார். சுலபமானதும் முதுகில் பையை மாட்டி எடையைக் கூட்டு.

செந்தில், 7:49: பையில் என்ன போடுவது?

தேவி, 7:50: இட்லி அரிசி 5 கிலோ இருக்கிறது. நாளை மாவு அரைக்க வேண்டும், அதற்குள் திருப்பி வைத்துவிட வேண்டும்.

மூர்த்தி அங்கிள், 7:58: என் வாசல் படியில் யார் மூச்சு வாங்குவது?

செந்தில், 7:59: நான்தான் அங்கிள். பதினொன்றாவது.

மூர்த்தி அங்கிள், 7:59: பால் பாக்கெட்டை மிதித்துவிடாதே.