ஏழாவது தவணைக்குப் பிறகு: ஐ.பி. கொடுத்தவர்களின் அனுபவங்கள்

குலசேகரம் பகுதி, முன்னாள் ரப்பர் வியாபாரி

எங்கள் ஊரில் ஒருவர் ஐ.பி., அதாவது கடனைக் கட்ட வழியில்லை என்று நீதிமன்றத்தில் தரும் நொடிப்பு மனு, கொடுத்துவிட்டார் என்றால், ஊர்ப் பணத்தைச் சுருட்டிவிட்டுச் சட்டத்தின் பின்னால் ஒளிந்துகொண்டார் என்றுதான் பொருள் கொள்வார்கள். என் தகப்பனார் காலத்தில் அதையே குறிக்கும் மஞ்சள் கடுதாசி என்ற சொல்லைச் சம்பந்தம் பேச வந்தவர்கள் முன்னால் உச்சரிக்கக்கூட மாட்டார்கள். 2022 ஜூன் மாதம் பத்மநாபபுரம் சார்பு நீதிமன்றத்தில் அந்த மனுவைக் கொடுத்தவர்களில் நானும் ஒருவன். அங்கே போய்ச் சேர்ந்த வழியை, குறிப்பாக அதற்கு முந்தைய சமரசம் எப்படி உடைந்தது என்பதை, மறைக்காமல் எழுதுகிறேன்.

சிறு தோட்டக்காரர்களிடம் ரப்பர் ஷீட்டும் ஒட்டுப்பாலும் வாங்கிக் கோட்டயத்துக்கு அனுப்புவது என் தொழில். அதோடு நிறுத்தியிருக்கலாம். வெட்டி மாற்றவிருக்கும் முதிர்ந்த மரங்களை ஈராண்டுப் பால்வெட்டுக்குப் பாட்டமாக (குத்தகையாக) எடுத்து, உரிமையாளர்களுக்கு முன்பணமும் கொடுத்திருந்தேன். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் அடித்து முடித்தபோது, அந்த மரங்களில் பாதிக்கு மேல் வேரோடு சாய்ந்தும் நடுவில் முறிந்தும் கிடந்தன. விழுந்த மரத்தின் தடி உரிமையாளருக்கு. நான் வாங்கியிருந்ததோ பாலை மட்டும். முன்பணம் போயிற்று, அந்த முன்பணத்துக்காக வங்கியில் எடுத்த கடன் மட்டும் நின்றது.

2019-இல் மக்கள் நீதிமன்றத்தில் வங்கியோடு சமரசம் ஆனது. வட்டியோடு 9,60,000 ரூபாயாக இருந்த பாக்கியை 6,00,000 ஆகக் குறைத்து, மாதம் 50,000 வீதம் 12 தவணைகளில் கட்டிவிட வேண்டும் என்று முடிவாயிற்று. எனக்கு மகிழ்ச்சியில் கண் நிறைந்துவிட்டது. ஆகவே அந்தத் தாளின் கடைசிப் பத்தியை நான் சரியாகப் படிக்கவில்லை. ஒரு தவணை தவறினாலும் தள்ளுபடி ரத்தாகி, முழுத் தொகையும் மேற்கொண்டு வட்டியும் வசூலிக்கப்படும் என்று அதில் இருந்தது. மக்கள் நீதிமன்றத் தீர்வுக்கு 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 21-ஆம் பிரிவின்படி உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்பாணையின் மதிப்பு உண்டு, அதன்மேல் மேல்முறையீடும் கிடையாது. அதை வெறும் ஒப்பந்தம் என்று நினைத்துக்கொண்டிருந்தது என் அறியாமை.

முதல் மூன்று தவணைகளைத் தொழிலிலிருந்து கட்டினேன். நான்காவதற்கு மனைவியின் வளையல்கள் அடகுக்குப் போயின. ஐந்து, ஆறு, ஏழு ஆகிய மூன்றையும் தனியாரிடம் வட்டிக்கு வாங்கிக் கட்டினேன், சமரசத்தைக் காப்பாற்றுகிறேன் என்ற பெருமிதத்தோடு. இந்த மூன்று மாதங்களைத்தான் இன்றைக்கும் இரவில் நினைத்துக்கொள்கிறேன். அந்த 1,50,000 ரூபாய், மனு கொடுக்கும் நாளில் 2,80,000 ஆக வளர்ந்திருந்தது. காப்பாற்ற நினைத்த சமரசமோ 2020 மார்ச் இறுதியில் ஊரடங்கு வந்து ஷீட் லாரிகள் நின்றபோது எட்டாவது தவணையிலேயே முறிந்தது. ஐந்தாவது தவணைக்கு முன்பே வங்கி மேலாளரிடம் போய், என்னால் முடியவில்லை என்று சொல்லிக் காலநீட்டிப்பு கேட்டிருக்க வேண்டும். வெட்கம் தடுத்தது. அந்த வெட்கத்துக்கு நான் கொடுத்த வட்டி, வங்கிக்குக் கொடுத்ததைவிட அதிகம்.

2021-இல் அந்தத் தீர்வை நிறைவேற்றித் தரும்படி வங்கி மனு போட்டு, என்னைக் கைது செய்து உரிமையியல் சிறையில் ஏன் வைக்கக் கூடாது என்று அறிவிப்பு வந்தது. வீட்டில் யாரும் அன்று சாப்பிடவில்லை. வழக்கறிஞர்தான் நிதானமாகச் சொன்னார்: வசதி இருந்தும் கட்டாதவனைத்தான் உள்ளே வைக்கலாம், கட்ட வழியில்லாத நேர்மையானவனைக் கடனுக்காகச் சிறையில் அடைக்கக் கூடாது என்று 1980-இலேயே உச்ச நீதிமன்றம், கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில், சொல்லியிருக்கிறது. அதன் பிறகே ஐ.பி. பற்றிப் பேசினார். சென்னை நகரம் தவிர்த்த நம் மாவட்டங்களில் தனிமனிதருக்கு இன்னும் 1920-ஆம் ஆண்டு மாகாண நொடிப்புச் சட்டம்தான் வழி. கடன் 500 ரூபாய் இருந்தாலே மனு கொடுக்கலாம் என்கிறது அந்தச் சட்டம். அப்போதைக்கு மூன்று கிலோ ஷீட்டின் விலைதான் அது, எனக்கிருந்ததோ 16,20,000.

மனு கொடுத்த அன்றே எல்லாம் நின்றுவிடும் என்று நம்பியிருந்தேன். அப்படி இல்லை. நொடித்தவர் என்று நீதிமன்றம் உத்தரவு போட்ட பிறகுதான் சொத்து, அதை நிர்வகிக்க நீதிமன்றம் நியமிக்கும் ரிசீவர் கைக்குப் போகிறது, பிணையில்லாக் கடன் கொடுத்தவர்கள் நீதிமன்ற அனுமதியின்றி வழக்குத் தொடர முடியாமல் போகிறது. கைதிலிருந்து பாதுகாப்பையும் தனியாகக் கேட்டுத்தான் பெற வேண்டும். அந்த உத்தரவுக்கு எனக்கு ஒன்றரை ஆண்டுக்கு மேல் ஆயிற்று. யார் யாருக்கு எவ்வளவு, அவர்கள் முகவரி என்ன, என்னிடம் என்ன இருக்கிறது என்று எழுதிய பட்டியலில் சமையல் பாத்திரம்வரை யோசித்தோம், ஆனால் அன்றாடப் பாத்திரங்களும் உடுதுணியும் கைவினைஞரின் தொழிற்கருவியும் ஜப்திக்கு உட்படாதவை.

இனி, நான் செய்த பிழை. மனுவுக்கு இரண்டு மாதம் முன்பு பிக்கப் வண்டியை விற்று, அதில் 1,10,000 ரூபாயை ஒரு வயதான அம்மாவுக்குக் கொடுத்துவிட்டேன். விதவை, அரை ஏக்கர் ரப்பரை நம்பி வாழ்பவர், என்னிடம் ஷீட்டைக் கடனாகத் தந்தவர். மற்றவர்கள் தாங்குவார்கள், இவர் தாங்கமாட்டார் என்பதுதான் என் கணக்கு. மனுவுக்கு முந்தைய மூன்று மாதங்களுக்குள், கடன் கொடுத்தவர்களில் ஒருவரை மட்டும் முன்னிறுத்திப் பணம் தந்தால் அது செல்லாது என்று சட்டத்தின் 54-ஆம் பிரிவு சொல்வதை ரிசீவர் காட்டினார். பணத்தைத் திருப்பிக் கேட்டு அந்த அம்மாவுக்கு அறிவிப்பு போயிற்று. நல்லது செய்வதாக நினைத்து அவரை நீதிமன்றப் படியேற வைத்தவன் நான். அவர் என்னைத் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. "மக்களே, இதுக்குப் பேசாம நீ தராமலேயே இருந்திருக்கலாம்" என்று மட்டும் சொன்னார்.

மார்த்தாண்டம், முந்திரித் தொழிலில் இருந்தவர்

ரப்பர் வியாபாரி ஐயா, தங்களுடைய வழக்கு பழைய சட்டத்தின்படி நடந்தது. என்னுடையது புதியது என்பதால் எழுதுகிறேன். அண்ணன் நடத்திய பிரைவேட் லிமிடெட் நிறுவனத்தின் கடனுக்கு நான் தனிப்பட்ட உத்தரவாதம் கொடுத்திருந்தேன். 2016-ஆம் ஆண்டு நொடிப்பு மற்றும் திவால் சட்டத்தின் தனிமனிதருக்கான பகுதி, 2019 டிசம்பர் 1 முதல் என்னைப் போன்ற உத்தரவாதக்காரர்களுக்கு மட்டும் நடைமுறைக்கு வந்தது. ஆகவே வழக்கு நாகர்கோவிலில் அல்ல, சென்னையிலுள்ள தேசிய நிறுமச் சட்டத் தீர்ப்பாயத்தில்.

அங்கே முதலில் திருப்பிச் செலுத்தும் திட்டம் ஒன்றைக் கொடுக்க வேண்டும். கடன் மதிப்பில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் வைத்திருப்பவர்கள் ஒத்துக்கொண்டால்தான் அது நிற்கும். வீட்டை விற்காமல் வாடகையும் பங்குத் தோட்டத்து வருமானமுமாகக் கட்டுவதாகத் திட்டம் கொடுத்தேன், ஏற்றுக்கொண்டார்கள். பதினோராவது மாதம் வாடகைக்காரர் காலி செய்துவிட்டார். திட்டம் நிறைவேறாமல் முடிந்துவிட்டது என்று தீர்ப்பாயம் பதிவு செய்த பிறகு, திவால் மனுவைக் கடன் கொடுத்தவரும் போடலாம், நானும் போடலாம். அதற்கு மூன்று மாதக் கெடு. நானே போட்டேன். வங்கி போடுவதற்காகக் காத்திருந்து, அறிவிப்பு வரும் ஒவ்வொரு தபால்காரரையும் பார்த்து நடுங்குவதைவிட அது மேல் என்று தோன்றிற்று. திவால் தொடங்கி ஓராண்டில் விடுவிப்புக்கு, அதாவது பழைய கடன்களின் பொறுப்பிலிருந்து விடுபட, வழி இருப்பது இந்தச் சட்டத்தில் எனக்குப் பிடித்த ஒரே பகுதி. சென்னை போய்வந்த ரயில் செலவு பற்றிக் கேட்காதீர்கள்.

குளச்சல், மீன்பிடித் தொழிலாளியின் மனைவி

என் வீட்டுக்காரர் என்ஜினுக்கும் வலைக்கும் வாங்கிய கடனுக்காக ஐ.பி. கொடுத்தார். எங்களுக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லாத இரண்டு விஷயங்கள் உண்டு. ஒன்று, ஐ.பி. கொடுத்தவரைத்தான் சட்டம் காக்கும். ஜாமீன் கையெழுத்துப் போட்ட என் தம்பியை அது காக்கவில்லை. நிதி நிறுவனத்தார் மறுவாரமே அவன் வாசலில் நின்றார்கள். இரண்டு, கடனுக்கு ஈடாகக் கொடுத்து வைத்திருந்த காசோலையை அவர்கள் வங்கியில் போட்டுத் திரும்பச் செய்ததால் வந்த குற்ற வழக்கு, ஐ.பி.க்குப் பிறகும் தனியாக நடந்துகொண்டிருக்கிறது. ரப்பர் வியாபாரி ஐயாவுக்கு ஜாமீன் போட்டவர் யாரும் இருந்தாரா? அவர் நிலை என்ன? உத்தரவுக்குப் பிறகு தாங்கள் எப்படி வாழ்கிறீர்கள் என்பதையும் எழுதினால் எங்களுக்கு உதவும்.

குலசேகரம் பகுதி, முன்னாள் ரப்பர் வியாபாரி

அம்மா, கேட்டுவிட்டீர்கள். அதை முதலிலேயே எழுதாதது கோழைத்தனம்தான். எனக்கு ஜாமீன் நின்றவர் மனைவியின் அண்ணன், அரசு ஊழியர். அவர் சம்பளத்தில் முதல் 1000 ரூபாயும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கும் போக எஞ்சியதைப் பிடித்தம் செய்தார்கள். ஒரே தீர்ப்பாணைக்காக 24 மாதங்களுக்கு மேல் அப்படிப் பிடிக்க முடியாது என்ற விதி இருந்ததால் அது நின்றது. அவர் வீட்டு விசேஷங்களுக்கு எங்களை அழைக்கிறார், நாங்கள் போகிறோம், பின் வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வருகிறோம். நான் இப்போது வேறொருவர் தோட்டத்தில் விடியற்காலை நான்கு மணிக்குத் தலையில் விளக்கோடு பால் வெட்டுகிறேன். அந்தக் கூலியில் மாதந்தோறும் ஒரு தொகை அவருக்குப் போகிறது. எந்த நீதிமன்றமும் உத்தரவிடாத தவணை அது, இதுவரை தவறவில்லை.

விடுவிப்பு மனு விசாரணையில் இருக்கிறது. கடன் கொடுத்தவர்களுக்கு ரூபாய்க்கு எட்டணாவாவது சொத்திலிருந்து தேறவில்லை என்றால், அந்த நிலை தன் குற்றத்தால் வந்ததல்ல என்று காட்டினால்தான் முழு விடுவிப்புக் கிடைக்கும். பாட்ட எழுத்துகள், சாய்ந்த மரங்களின் புகைப்படங்கள், கிராம நிர்வாக அலுவலர் தந்த சான்று ஆகியவற்றோடு, எட்டு வருடத்துச் சிட்டை நோட்டுகளையும் கொடுத்திருக்கிறேன். கணக்கு எழுதாதவரிடம் நீதிமன்றம் காட்டும் கடுமையைப் பக்கத்து வழக்கில் கண்டேன். என் மனைவி அந்தப் பழைய நோட்டுகளை எடைக்குப் போடாமல் வைத்திருந்தது என் நல்ல காலம்.

விடுவிப்புக் கிடைக்காத நொடித்தவர், தம் நிலையைச் சொல்லாமல் 50 ரூபாயோ அதற்கு மேலோ கடன் வாங்கினால் ஆறு மாதம்வரை சிறைத்தண்டனை உண்டு என்ற பழைய விதியைச் சந்தையடி டீக்கடை அண்ணாச்சியிடம் ஒருநாள் சொல்லிவைத்தேன். அவர் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து என் பற்று 48 ரூபாய் ஆனதும் நோட்டை மூடி வைத்துவிட்டு, "பிள்ளே, இன்னைக்குக் காசு குடுத்துட்டுக் குடிச்சாப் போதும்" என்கிறார்.