விலாசம்

குழு: மெ.சுப. வளவு
ஞாயிற்றுக்கிழமை

ஆத்தா (அம்மா), மாலை 6:10
முத்து, பார்சல் கட்ட வேண்டும், விலாசம் அனுப்பு என்று புதன்கிழமையே கேட்டேன். பதிலே காணோம். புது வீட்டுக்குப் போய்விட்டாயா இல்லையா?

முத்து, 6:31
போய் ஐந்து வாரம் ஆகிறது ஆத்தா. விலாசம் இருக்கிறது, தபால்தான் வராமல் இருந்தது. நேற்றுத்தான் சரியானது.

பெரியப்பச்சி, 6:33
விலாசம் இருந்தால் தபால் ஏன் வராது? ஜெர்மனியில், ஸ்டுட்கார்ட்டிலும் தபால்காரர் தூங்குகிறாரா?

முத்து, 6:42
அவர் மேல் தப்பில்லை பெரியப்பச்சி. அது பெரிய கதை.
வேலை கிடைத்ததும் எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தேன். சான்சன்கார்ட்டே விசாவில் வேலை தேட ஓராண்டு தங்கலாம். செலவுக்கு மாதம் 1,091 யூரோ கணக்கில் வங்கியில் முடக்கிக் காட்டிவிட்டுத்தான் வந்தேன். 140 விண்ணப்பம், 6 நேர்காணல், ஒரு வேலை. அது நடந்துவிட்டது. சுற்றல் அதற்குப் பிறகுதான்.

முத்து, 6:46
சம்பளம் ஒழுங்காக வர வரி எண் வேண்டும். வரி எண் வர வேண்டுமானால் குடியேறி இரண்டு வாரத்துக்குள் நகராட்சியில் விலாசத்தைப் பதிய வேண்டும். அதற்கு ஆன்மெல்டுங் என்று பெயர். பதிவதற்கு, இவன் இங்கே குடியிருக்கிறான் என்று வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட தாள் வேண்டும். வீட்டுக்காரரிடம் போனால் மூன்று மாதச் சம்பளச் சீட்டைக் காட்டு என்கிறார்!

வள்ளி ஆச்சி (சிங்கப்பூர்), 6:48
ஓட்டலில் தங்கிக்கொண்டு பதிய முடியாதா?

முத்து, 6:50
அந்தத் தாளை ஓட்டலில் தரமாட்டார்கள் ஆச்சி. மலிவாகக் கிடைக்கிற அறை பாதிக்கு "ஆன்மெல்டுங் கிடையாது" என்று விளம்பரத்திலேயே போட்டிருக்கும். தனி வீடு பார்த்தால் பல வீடுகளில் அடுப்படியே இல்லை. முன்பு இருந்தவர் காலி செய்யும்போது தொட்டி, அலமாரி எல்லாவற்றையும் கழற்றிக்கொண்டு போய்விடுவார். சுவரில் குழாய் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும்.

ஆத்தா, 6:51
அடுப்படி இல்லாத வீட்டுக்கு வாடகையா? என்ன ஊர் அது!

முத்து, 6:55
அதனால்தான் நாலு பேர் சேர்ந்து இருக்கிற வீட்டில் ஓர் அறை தேடினேன். பதினொரு இடம். ஒவ்வோர் இடத்திலும் மேசையில் உட்கார வைத்து மூன்று பேர் கேள்வி கேட்பார்கள். பாத்திரம் கழுவுவாயா, ராத்திரி பத்து மணிக்கு மேல் சத்தம் போடுவாயா, அறையிலேயே முடங்கிக் கிடப்பாயா.

அப்பச்சி (அப்பா), 6:56
பெண் பார்க்கப் போனால் பஜ்ஜியாவது தருவார்கள்.

முத்து, 6:56
தண்ணீர் தந்தார்கள் அப்பச்சி. அதுவும் சோடா.

பெரியப்பச்சி, 7:08
ஐயா, உன் தாத்தா, பக்கத்தில் இருக்கிறார்கள். எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். அவர்கள் சொல்வதைத் தட்டுகிறேன்:
"1952இல் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறினேன். வயது பதினாலு. பெட்டியடிப் பையன் வேலை, அதாவது கடையில் எடுபிடி, மூன்று வருசக் கணக்கு. சிங்கப்பூரில் இறங்கினால் மார்க்கெட் தெருக் கிட்டங்கி, நம் செட்டியார்கள் வட்டிக்கடை வைத்திருந்த இடம். நீளமான கூடம், வரிசையாகப் பெட்டகங்கள். பகலில் பெட்டகத்துக்கு முன்னால் உட்கார்ந்து கணக்கு எழுதுவது, ராத்திரி அதே இடத்தில் பாய் போட்டுப் படுப்பது. சமையலுக்கு ஆள் உண்டு. கிட்டங்கி என்று எழுதி நம் விலாசத்தைப் போட்டால் கடிதம் கைக்கு வந்துவிடும். பாசை தெரியாது, அதனால் ஒன்றும் முடைப்படவில்லை. இவன் பாவம், தனியாள்."

சிதம்பரம், 7:10
விலாசத்தைப் போட்டால் என்றால்? தெருப் பெயரா?

பெரியப்பச்சி, 7:12
இல்லையடா. நமக்கு விலாசம் என்றால் கடையின் முதலெழுத்துகள். மெ.சுப. என்று குழுவுக்குப் பெயர் வைத்திருக்கிறாயே, அதுதான். பாட்டன் பெயர், அப்பச்சி பெயர், எல்லாம் அதற்குள் இருக்கும்.

வள்ளி ஆச்சி (சிங்கப்பூர்), 7:14
அந்தத் தெரு வழியாகத்தான் நான் மதியம் சாப்பிடப் போவேன். இப்போது வரிசையாக உயரக் கட்டடங்கள்தான். ஐயா பாய் போட்ட இடம் எந்த மாடிக்கு அடியில் இருக்கிறதோ.

ஆத்தா, 7:15
தபால் ஏன் வரவில்லை என்பதைச் சொல்லாமலே விட்டானே.

முத்து, 7:24
சொல்கிறேன். அறை கிடைத்தது, பதிந்தேன். வரி எண் தபாலில் வரும் என்றார்கள். மூன்று வாரம் பார்த்தேன், வரவே இல்லை. எண் இல்லாவிட்டால் ஆறாம் வரி வகுப்பு என்று கூடுதல் வரி பிடித்துவிடுவார்கள், அந்தப் பயம் வேறு.
ஒரு சனிக்கிழமை கீழ்வீட்டுப் பாட்டி வந்து கதவுக் கைப்பிடியில் ஒரு சின்னப் பலகையை மாட்டினார். அதில் கேர்வோகே என்று எழுதியிருந்தது. இந்த வாரம் மாடிப்படியும் வாசலும் கூட்டுவது எங்கள் முறை என்று அர்த்தம். முடிந்ததும் பலகையை அடுத்த வீட்டுக் கதவில் மாட்ட வேண்டும். ஸ்டுட்கார்ட் பக்கம் இது பழைய வழக்கம்.
நான் கூட்டிக்கொண்டிருந்தபோது பாட்டி பின்னாலேயே நின்று பார்த்தார். மூலையைக் காட்டினார். மறுபடி கூட்டினேன். அப்புறம் என் பெயர் கேட்டார். சொன்னேன். கையைப் பிடித்துத் தபால் பெட்டிகளிடம் கூட்டிக்கொண்டு போனார். எங்கள் பெட்டியில் மூன்று பெயர்தான் ஒட்டியிருந்தது, என் பெயர் இல்லை. பெட்டியில் பெயர் இல்லாவிட்டால் தபால்காரர் கடிதத்தைத் திருப்பிவிடுவாராம். வரி எண் திரும்பிப் போய்விட்டது!

ஆத்தா, 7:26
இங்கே வாசல் கூட்டச் சொன்னால் முதுகு வலிக்கிறது என்பாயே.

முத்து, 7:27
அந்தப் பாட்டியிடம் சொல்லிப் பாருங்கள் ஆத்தா. அவர் பேச்சில் எதற்கும் பின்னால் ஒரு "லே" உண்டு. சின்ன வீடு என்றால் ஹெய்ஸ்லே. முதல் நாள் திருநெல்வேலிக்காரரோ என்று நினைத்தேன். நான் படித்த ஜெர்மன் அவரிடம் பாதிதான் செல்லுபடியாகிறது.

சிதம்பரம், 7:29
அண்ணே, இங்கே ஒருவர் நாலு லட்சம் கொடுத்தால் ஜெர்மனியில் வேலை, வீடு இரண்டும் வாங்கித் தருகிறேன் என்கிறார். முதலில் டூரிஸ்ட் விசாவில் போய்விடலாமாம்.

வள்ளி ஆச்சி (சிங்கப்பூர்), 7:33
தம்பி, ஒரு பைசா கொடுக்காதே. வெளிநாட்டு வேலைக்கு அனுப்புகிற ஏஜென்ட், சட்டப்படி உன்னிடம் 30,000 ரூபாயும் அதற்கு ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம். அரசின் இ-மைக்ரேட் தளத்தில் உரிமம் உள்ளவர் பட்டியல் இருக்கிறது, பார். டூரிஸ்ட் விசாவில் போய் வேலை செய்ய முடியாது. அவருக்கு ஆபீஸ் எங்கே?

சிதம்பரம், 7:34
வாட்ஸ்அப் நம்பர் மட்டும்தான் இருக்கிறது ஆச்சி.

பெரியப்பச்சி, 7:35
விலாசமே இல்லாத ஆளிடம் நாலு லட்சமா! ஐயா கம்பை எடுத்துவிட்டார்கள்.

முத்து, 7:41
பெட்டியில் பெயர் ஒட்டிவிட்டேன். எண்ணை மறுபடி கேட்டு எழுதினேன், நேற்று வந்துவிட்டது.
[புகைப்படம்: தபால் பெட்டியில் பெயர்ப்பட்டை]

அப்பச்சி, 7:43
இதில் என் பெயரல்லவா இருக்கிறது?

முத்து, 7:44
பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் என்ற இடத்தில் உங்கள் பெயர்தானே அப்பச்சி இருக்கிறது. இங்கே நான் சுப்பையா. ஆபீஸில் ஹெர் சுப்பையா, பாட்டிக்கும் ஹெர் சுப்பையா.

பெரியப்பச்சி, 7:46
ஐயா கேட்கிறார்கள், "மெ." எங்கே?

முத்து, 7:46
பட்டையில் இடம் இல்லை ஐயா.

ஆத்தா, 7:49
சரி, சீப்புச் சீடையும் மாவுருண்டையும் கட்டி வைத்திருக்கிறேன். நாளைக்கு அனுப்பிவிடுகிறேன்.

முத்து, 7:50
மாவுருண்டையில் நெய் இருக்கிறதே ஆத்தா. பால், நெய், கறி எதையும் வெளியிலிருந்து தபாலில் இங்கே அனுப்பக் கூடாது, சுங்கத்தில் எடுத்துவிடுவார்கள். சீடை தேங்காய்ப்பால்தானே? அது போதும்.

ஆத்தா, 7:51
மாவுருண்டைக்கு நெய் இல்லாமல் என்ன செய்வது. சிதம்பரம், நீ வந்து எடுத்துக்கொண்டு போ.

சிதம்பரம், 7:51
கிளம்பிவிட்டேன் சின்னாத்தா.

அப்பச்சி, 7:53
பெறுநர் என்ற இடத்தில் யார் பெயரை எழுத?

முத்து, 7:53
உங்கள் பெயரைத்தான். அது இல்லாவிட்டால் திரும்பி வந்துவிடும்.

அப்பச்சி, 7:54
அனுப்புநர் சுப்பையா, பெறுநர் சுப்பையா. தபாலாபீஸில் என்னை ஒரு மாதிரி பார்ப்பார்கள்.