18-க்கு 12 அடி அறையில் மருத்துவமனை மருந்தகம்: எதை எங்கே வைப்பது?

கேள்வி (நிர்வாகப் பிரிவு)
எங்கள் 40 படுக்கை மருத்துவமனையின் மருந்தகத்தை வரவேற்புக்குப் பக்கத்து அறைக்கு மாற்றுகிறோம். லைசென்ஸுக்கு 10 சதுர மீட்டர் போதும், இது கிட்டத்தட்ட 20 வரும். ஒரே கதவு, மேற்கே ஒரு ஜன்னல். புதன்கிழமை ஆசாரி அளவெடுக்க வருகிறார். எதிலிருந்து தொடங்கலாம்?

பதில் (மருந்தாளுநர், 22 வருட அனுபவம்)
கவுன்டரிலிருந்து தொடங்குங்கள். வெளிநோயாளிக்கு ஒன்று, வார்டிலிருந்து மருந்து கேட்டு வரும் சீட்டுக்கு (இண்டென்ட்) ஒன்று என இரண்டு கட்டாயம் வேண்டும். முன்பு நான் இருந்த இடத்தில் ஒன்றுதான். ஐசியு அட்டெண்டர் சீட்டோடு வரிசைக்குப் பின்னால் தவித்து நின்றதை இன்னும் மறக்க முடியவில்லை.

அப்புறம், எல்லாவற்றையும் அகர வரிசையில் அடுக்காதீர்கள். டோபமினும் டோபுட்டமினும் பக்கத்தில் பக்கத்தில் வந்துவிடும்; இரண்டும் இதயத்துக்கும் ரத்த அழுத்தத்துக்கும் போடும் வெவ்வேறு ஊசி மருந்து. இரவு 2 மணிக்குக் கை தவறினால் அது ஒரு உயிர். இரண்டையும் வேறு வேறு அலமாரியில் வையுங்கள். பொட்டாசியம் குளோரைடு ஆம்பூலைத் தனிப் பெட்டியில், சிவப்பு லேபிளோடு வைக்க வேண்டும். கலக்காமல் நரம்பில் ஏற்றினால் இதயம் நின்றுவிடும். மார்பின், ஃபென்டனில் மாதிரி போதை தரக்கூடிய வலி மருந்தெல்லாம் இரட்டைப் பூட்டு அலமாரியில், கவுன்டரில் நிற்பவர் கண்ணில் படாத மூலையில் இருக்கட்டும்.

சலைன் பெட்டிகள் கதவோரம், தரையில் படாமல் பலகை மேல். அரை லிட்டர் பாட்டில் 24 இருந்தால் ஒரு பெட்டியே 12 கிலோவைத் தாண்டும். அதை உள்ளே வரை தூக்குபவர் முதுகையும் நினைக்க வேண்டும்.

பதில் (இரவுப் பணி நர்ஸ்)
வார்டு கவுன்டர் மாடிப்படி பக்கம் திறக்கட்டும். இரவில் வரவேற்பைச் சுற்றி ஓடி வருவது பெரிய பாடு.

கேட்டவர்
நன்றிங்க மேடம், சிஸ்டருக்கும் நன்றி. படிக்கட்டுப் பக்கம் சுவரை உடைக்கலாமா என்று இன்ஜினியரிடம் கேட்கிறேன். மேற்கு ஜன்னலடியில் பிரிட்ஜ் வைக்கலாமா?

பதில் (மருந்தாளுநர்)
வேண்டவே வேண்டாம். பிற்பகல் வெயில் நேரே விழும். இன்சுலினுக்கு 2 முதல் 8 டிகிரிதான், உறைந்தாலும் வீண். எதிர்ச் சுவரில், ஜெனரேட்டர் லைனில் தனி பிளக் பாயின்ட் போடுங்கள். ஜன்னலடியில் பில்லிங் மேசை போதும், திரையும் போட்டுவிடுங்கள். காலாவதியான மருந்துக்குப் பூட்டோடு ஒரு பெட்டி, விற்பனை அலமாரிக்கு எட்டாத தூரத்தில்.

ஆசாரியிடம் அலமாரி ஆழம் ஓரடிக்கு மேல் போக வேண்டாம் என்று சொல்லுங்கள். ஆழம் கூடினால் பின்வரிசை மருந்து கண்ணில் படாமலே எக்ஸ்பைரி ஆகிவிடும்.