புதுப்பிப்பு: கிராங்கில் இருந்த கோடு விரிசல்தான்

என் சைக்கிளின் இடது அலுமினியக் கிராங்கில் (பெடலைத் தாங்கும் கை), பெடல் மரை ஓட்டையை ஒட்டி மெல்லிய கோடு ஒன்று தெரிகிறது, கீறலா விரிசலா என்று கேட்டிருந்தேனே, விரிசல்தான்.

நீங்கள் சொன்னபடி பெடலைக் கழற்றி, மண்ணெண்ணெய் தடவி ஊறவிட்டு, நன்றாகத் துடைத்து, சாக்பீஸ் தூளைத் தூவினேன். கொஞ்ச நேரத்தில் அதே இடத்தில் தூள் நனைந்து கோடு எழும்பியது. மேலோட்டமான கீறலிலிருந்து எண்ணெய் இப்படிக் கசிந்து வராது.

அந்தக் கிராங்கை சைக்கிள் கடை அண்ணன் வைஸில் பிடித்து உடைத்தே காட்டினார். உள்ளே ஒரு பாதி வழவழப்பாக, அழுக்கேறிக் கறுத்துக் கிடந்தது. மறுபாதி புத்தம்புதிதாய்ப் பளபளத்தது, ஆனால் சொரசொரப்பு. கறுத்த பாதி நாள்பட மெல்ல மெல்லப் பிளந்தது. எஃகுக்கு ஒரு வரம்பு உண்டு. அதற்குக் கீழான பளு எத்தனை முறை வந்தாலும் விரிசல் விடாது. அலுமினியத்துக்கு அப்படியொரு வரம்பே கிடையாது. பழைய அலுமினிய ஹேண்டில்பாரில் ஸ்டெம் (ஹேண்டில்பாரைச் சைக்கிளோடு பிணைக்கும் பாகம்) கவ்வும் இடத்தைத் தயவுசெய்து கழற்றிப் பாருங்கள், சீட்டைத் தாங்கும் குழாயான சீட் போஸ்டையும்தான்.

செயினையும் அளந்தேன். 12 அங்குலத்துக்கு 1/16 அங்குலம் நீண்டிருந்தால் செயினை மாற்ற வேண்டும். 1/8 என்றால் பல்சக்கரமும் தேய்ந்திருக்கும். என்னுடையது 1/16-ஐத் தொடவில்லை, இன்னும் ஓடும்.