ரசகதலி வாழையில் வாடல் நோய்: அதே மண்ணில் ஏத்தன் (நேந்திரன்) வைக்கலாமா?

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் தோட்டம் குமரி மாவட்டம் திருவட்டார் பக்கம், கால்வாய்ப் பாசனம். சித்திரையில் வைத்த ரசகதலி வாழை ஐந்தாம் மாதம் வரை செழிப்பாக நின்றது. அப்புறம் அடி இலைகள் ஓரத்திலிருந்து மஞ்சளடித்து, காம்போடு ஒடிந்து தண்டைச் சுற்றித் தொங்க ஆரம்பித்தன. தரையை ஒட்டித் தண்டு நீளவாக்கில் வெடிக்கிறது. ஒரு வாழையின் மூட்டை (அடியை)த் தோண்டிக் கிழங்கைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால், வெள்ளைச் சதைக்குள் செம்பழுப்புப் புள்ளிகளும் கோடுகளும். கிழங்கைக் குடையும் கூன்வண்டின் துளை எதுவும் இல்லை. பார்த்த வேளாண் அலுவலரும் மண்ணில் வாழும் பூஞ்சணத்தால் வரும் பனாமா வாடல் என்றுதான் சொன்னார். பாதிக்கு மேல் போய்விட்டது, குலை தள்ளியவையும் சேர்த்து.

கார்பன்டாசிம் என்ற பூஞ்சணக்கொல்லியின் கரைசலை மூட்டில் ஊற்றினோம். 2 சதவீதக் கரைசலை 3 மில்லி வீதம் கிழங்கில் ஊசியும் போட்டாச்சு. சாய்ந்தவற்றைப் பிடுங்கி, குழிக்கு 2 கிலோ சுண்ணாம்பு இட்டோம். நோய்ப் பூஞ்சணத்தை அடக்கும் நன்மைப் பூஞ்சணமான டிரைக்கோடெர்மா விரிடியைச் சாணத்தோடு கலந்து வைத்தோம். பரவுவது கொஞ்சம் மெதுவானது, நிற்கவில்லை.

இந்தப் பூஞ்சணம் மண்ணில் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். அங்கே மறுபடி ரசகதலி வைக்க மனம் வரவில்லை. பாசனத் தண்ணீரோடும் பரவும். எங்களுக்குக் கீழே பக்கத்துத் தோட்டத்தில் மட்டி வாழை நிற்கிறது, அதை நினைத்தால் இன்னும் பதறுகிறது. பீகாரில் கேவண்டிஷ் ரக வாழையையே சாய்த்த, இதே பூஞ்சணத்தின் கொடிய டிஆர்4 வகையாக இருக்குமோ என்ற பயமும் உண்டு.

ஏத்தன் இந்த நோயைத் தாங்கும் என்கிறார்கள். ரசகதலி வாடிய அதே மண்ணில் ஏத்தன் வைத்துக் குலை வெட்டியவர்கள் நம் மாவட்டத்தில் யாராவது இருக்கிறீர்களா?