எம்ஜிபி வாங்குவதற்கு முன்பே கிளப்பில் சேரலாமா?

ரெடிங்வாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். இங்கிலாந்தின் ரெடிங் நகரில் குடும்பத்தோடு வசிக்கிறேன். 1972-ஆம் ஆண்டு எம்ஜிபி ஜிடி ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். விலை ஏறத்தாழ படிந்துவிட்டது, முன்பணம் இன்னும் கொடுக்கவில்லை. அலுவலகத்தில் சொன்னால், "மின்சாரக் காரா?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். இன்றைக்கு எம்ஜி என்ற பெயரில் கடைக்கு வருவது சீன நிறுவனத்தின் கார்; நான் குறிப்பிடுவது 1962 முதல் 1980 வரை அபிங்டன் தொழிற்சாலையில் தயாரான ஸ்போர்ட்ஸ் கார்.

காரைப் பற்றிய தகவல்கள் தேடினால் கிடைத்துவிடுகின்றன. எனக்குப் பிடிபடாதது அதை வைத்திருப்பவர்களின் உலகம்தான். கார் கைக்கு வராத நிலையில் கிளப்பில் சேருவது முறையா? எம்ஜி கார் கிளப், எம்ஜி ஓனர்ஸ் கிளப் என்று இரண்டு இருக்கின்றனவே, எதில் சேருவது? மாதக் கூட்டம் நடக்கும் பப் ஒன்றின் வழியாக ஒருமுறை போனபோது பார்த்தேன். வந்திருந்தவர்களில் பெரும்பாலோர் பணி ஓய்வு பெற்ற ஆங்கிலேயர்கள், இளம் வயதிலேயே இந்தக் கார்களைக் கழற்றி மாட்டிப் பழகியவர்கள் போலத் தெரிந்தது. நானோ ஸ்பார்க் பிளக்கைக் கூடக் கழற்றியவன் அல்லன். மது அருந்தும் பழக்கமும் இல்லை. இப்படிப்பட்ட ஒருவர் அங்கே போய் நின்றால் எப்படி இருக்கும் என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

அபிங்டன் பக்கத்துக்காரர் எழுதியது:

வணக்கம் நண்பரே. முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் கேட்டீர்கள், நல்லதாயிற்று. கிளப்பில் சேருவதற்கு இதைவிடப் பொருத்தமான வேளை இல்லை என்றே சொல்வேன். கார் வாங்கிய பிறகு சேருபவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஆறுதல்தான். வாங்கும் முன் போகிறவருக்குத்தான் ஆலோசனை கிடைக்கும். மாதக் கூட்டத்துக்கு விருந்தினராகப் போகலாம். உறுப்பினர் அட்டையைக் காட்டு என்று வாசலில் யாரும் நிற்பதில்லை.

எந்தக் கிளப் என்ற கேள்விக்கு அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. எம்ஜி கார் கிளப் 1930-இல் தொடங்கியது. அதன் அலுவலகம் அபிங்டனில், பழைய தொழிற்சாலை இருந்த இடத்துக்கு அருகிலேயே இருக்கிறது. பந்தயம், வரலாறு, ஒவ்வொரு மாடலுக்கும் தனிப் பிரிவு என்று அதன் போக்கு இருக்கும். ஓனர்ஸ் கிளப் 1973-இல் வந்தது. கேம்பிரிட்ஜ் பக்கம் ஸ்வேவ்ஸியில் வளர்ந்த அமைப்பு. அன்றாடம் கார் ஓட்டும் சாதாரண உரிமையாளரை மனத்தில் வைத்து நடப்பது. உங்கள் வீட்டுக்கு அருகில் எந்தக் கிளப்பின் கூட்டம் நடக்கிறதோ அதில் சேருங்கள். இருபது மைல் தள்ளி நடக்கும் கூட்டத்துக்கு ஜனவரி மாத இரவில் நீங்கள் போகப் போவதில்லை.

இனி, ஏன் முன்பே போக வேண்டும் என்பதைச் சொல்கிறேன். எம்ஜிபிக்குச் சேஸி என்ற தனி அடிச்சட்டம் கிடையாது. பாடியே அதன் எலும்புக்கூடு. கதவுகளுக்குக் கீழே முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம் வரை ஓடும் சில் என்ற பெட்டி வடிவத் தகட்டு அமைப்புதான் வண்டியின் நடுப்பகுதியைத் தாங்கிப் பிடிக்கிறது. அது ஒற்றைத் தகடு அன்று. வெளித்தகடு, உள்தகடு, அடியில் மடித்த விளிம்புகளோடு ஒரு தகடு என்று பல அடுக்குகள் கொண்டது. வெளித்தகட்டை மட்டும் புதிதாக ஒட்டவைத்து, பட்டி பூசி, பெயின்ட் அடித்துவிட்டால் உள்ளே துருப்பிடித்துக் கிடப்பது வாங்குபவரின் கண்ணுக்குத் தெரியாது. அந்த வேலையை முறையாகச் செய்ய ஆகும் செலவில் இன்னொரு சுமாரான எம்ஜிபியையே வாங்கிவிடலாம்.

இதைக் கண்டுபிடிக்கும் வழி ஒன்றை எந்தக் கிளப்பிலும் பத்துப்பேராவது சொல்லித் தருவார்கள். கதவைச் சாத்தி, கதவின் பின்விளிம்புக்கும் பின்பக்கத் தகட்டுக்கும் இடையிலுள்ள இடைவெளியை மேலிருந்து கீழாக விரலால் தடவிப் பாருங்கள். பிறகு ஜாக்கி வைத்து அந்தப் பக்கத்தைத் தூக்கச் சொல்லுங்கள். இடைவெளி மாறாமல் இருந்து, கதவும் முன்போலவே திறந்து மூடினால் சில் உறுதியாக இருக்கிறது என்று கொள்ளலாம். இடைவெளி மாறினாலோ, கதவு தகட்டில் உரசினாலோ, விற்பவர் எவ்வளவு இனிமையாகப் பேசினாலும் வீட்டுக்குத் திரும்பிவிடுங்கள். ஜாக்கி வைக்கவே விடமாட்டேன் என்கிறாரா, அதுவும் ஒரு பதில்தான்.

கூட்டத்தில் உங்கள் பகுதியைச் சேர்ந்த எம்ஜிபி உரிமையாளர் ஒருவரிடம், என்னோடு வந்து காரைப் பார்க்க முடியுமா என்று கேளுங்கள். தயங்க வேண்டாம். அடுத்தவர் பணத்தில் கார் பார்க்கப் போவதை விட மகிழ்ச்சியான சனிக்கிழமை அவர்களுக்குக் கிடையாது.

கோவைப் பட்டறை எழுதியது:

மேலே அண்ணன் எழுதியது அனைத்தும் சரி. கடைசிப் பத்தியை மட்டும் நான் அப்படியே ஏற்கமாட்டேன். முதல் சந்திப்பிலேயே முகம் தெரியாத ஒருவரிடம் சனிக்கிழமையைக் கேட்பது எனக்குச் சரியாகப் படவில்லை. காரின் புகைப்படங்களை எடுத்துப் போங்கள், குறிப்பாக அடிப்பகுதியையும் கதவு இடைவெளிகளையும் காட்டும் படங்கள். மேசையில் வைத்துக் கருத்து மட்டும் கேளுங்கள். நேரில் வந்து பார்க்கிறேன் என்று அவர்களில் ஒருவர் தாமாகவே சொல்லுவார். வாங்கிய பிறகு அதே காரை அவருக்குக் காட்டவும் மறக்காதீர்கள். பார்த்துக் கொடுத்தவருக்கு அதில் பாதி உரிமை இருப்பதாக ஓர் எண்ணம் இருக்கும்.

எஞ்சின் பற்றித் தெரியாது என்ற கவலை உங்களுக்குத் தேவையே இல்லை. நம் ஊர் அம்பாசடரில் நெடுங்காலம் ஓடியது பிஎம்சி என்ற பிரிட்டிஷ் கார் நிறுவனத்தின் பி-சீரிஸ் எஞ்சின், 1489 சிசி. எம்ஜிபியில் இருப்பது அதே குடும்பத்தின் 1798 சிசி எஞ்சின். கோவையில் அம்பாசடர் டாக்சிகளைப் பிரித்துப் பழகிய பட்டறையில் நான் தொழில் கற்றேன். இங்கே இங்கிலாந்தில் முதன்முறை எம்ஜிபியின் பானட்டைத் திறந்தபோது, டேப்பெட் கவர் முதல் டிஸ்ட்ரிபியூட்டர் வரை எல்லாமே அறிமுகமான முகங்களாகத் தெரிந்தன. உங்கள் குடும்பத்தில் அம்பாசடர் ஓட்டிய பெரியவர் யாராவது இருந்தால், அவருக்கு இந்தக் காரைப் பற்றி உங்களை விட அதிகம் தெரிந்திருக்கும்.

முதலில் கற்க வேண்டியது எஸ்யூ கார்புரேட்டர், அதாவது பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் பாகம். எம்ஜிபியில் அது இரண்டு உண்டு. ஒவ்வொன்றின் தலையிலும் கையால் திருகிக் கழற்றக்கூடிய சிறிய மூடி இருக்கும். அதைக் கழற்றி மேலே தூக்கினால் மெல்லிய கம்பி ஒன்று கூடவே வரும். கம்பியை மீண்டும் இறக்கும்போது எண்ணெயின் எதிர்ப்பு விரலுக்குத் தட்டுப்பட வேண்டும். தட்டுப்படாமல் சட்டென்று இறங்கிவிட்டால் உள்ளே எண்ணெய் குறைந்துவிட்டது என்று பொருள். சில சொட்டு எஞ்சின் எண்ணெய் விட்டு மூடினால், ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது வண்டி திக்கித் தடுமாறுவது பல நேரங்களில் அதோடு தீர்ந்துவிடும். இரண்டு நிமிட வேலை. இதைக் கூட்டத்தில் யாரிடமாவது காட்டச் சொல்லிக் கேளுங்கள். சொல்லிக் கொடுப்பவருக்கும் பெருமை, உங்களுக்கும் அன்றிரவே கையில் எண்ணெய் பட்டுவிடும்.

அடுத்தது முன்சக்கரங்களின் கிங்பின் கிரீஸ். ஸ்டியரிங்கைத் திருப்பும்போது சக்கரம் சுழலும் அச்சுதான் கிங்பின். கிரீஸ் ஏற்றும் நிப்பிள் பக்கத்துக்கு மூன்று; சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி வைத்து அடித்தால்தான் கிரீஸ் போக வேண்டிய இடத்துக்குப் போகும். இன்றைய கார்களில் இந்த வேலையே இல்லாததால், கராஜில் விட்டாலும் இளம் மெக்கானிக்குகள் பலர் இதைத் தொடாமலே திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். கிளப் என்ற ஒன்று இன்னும் தேவைப்படுவதற்கு இதுவே காரணம் என்பேன். இந்த அறிவு இப்போது பட்டறைகளில் இல்லை, அந்தப் பப் மேசைகளில்தான் இருக்கிறது.

உதவி கேட்கும் விதத்திலும் கவனம் வேண்டும். "வண்டி சரியில்லை" என்று மொட்டையாகச் சொன்னால் பொதுவான பதிலே வரும். எஞ்சின் குளிர்ந்திருந்ததா சூடாக இருந்ததா, எந்த கியரில் இருந்தது, ஆயில் பிரஷர் முள் எங்கே நின்றது என்று குறித்துக்கொண்டு போய்ச் சொல்லுங்கள். ஓட்டத்தில் 50 பிஎஸ்ஐ-க்கு மேல் நிற்கும் அந்தப் பிரஷர் முள், எஞ்சின் நன்றாகச் சூடேறி ஐடிலிங்கில் நிற்கும்போது 15, 20 என்று இறங்குவது இயல்பு. இதைப் பார்த்துப் பதறி முதல் வாரத்திலேயே தொலைபேசியில் அழைக்கும் புதியவர்கள் உண்டு.

ஹாரோ அக்கா எழுதியது:

வணக்கம் தம்பி. நான் யாழ்ப்பாணத்துக்காரி, இப்போது லண்டன் ஹாரோவில் இருக்கிறேன். என் கணவரின் கார்தான் எம்ஜிபி. ஆனால் கிளப்பில் என்னைத்தான் எல்லோருக்கும் தெரியும். ஆகவே எஞ்சினை விட்டுவிட்டு மனிதர்களைப் பற்றி எழுதுகிறேன்.

பப் என்றதும் குடித்தே ஆக வேண்டும் என்று நினைக்க வேண்டாம். திரும்பக் கார் ஓட்டிக்கொண்டு போக வேண்டியவர்கள் என்பதால் அங்கே பாதிப்பேரின் கையில் எலுமிச்சை சோடாவோ காப்பியோதான் இருக்கும். நிறத்தைப் பார்த்து ஒதுக்குவார்களோ என்பதுதான் நீங்கள் எழுதாமல் விட்ட கேள்வி என்று நினைக்கிறேன். எங்களுக்கு அப்படி நேர்ந்ததில்லை. எந்த ஊரிலிருந்து வந்தீர்கள் என்ற கேள்வி மட்டும் நிச்சயம் வரும். பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் கிடைக்காமல் பழைய ஒஸ்ரின் கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டினோம், ஸ்ராட் பண்ண மட்டும் சில துளி பெற்றோல் விட்டோம் என்று நான் சொன்னபோது, மேசையைச் சுற்றியிருந்தவர்கள் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு வந்து கேட்டார்கள். அதன் பிறகு ஊரைப் பற்றிய விசாரணை வேறு தொனிக்கு மாறிவிட்டது.

சில காரியங்களைச் செய்யாமல் இருப்பது நல்லது. அழைக்காமல் யாருடைய காரிலும் சாயவோ உட்காரவோ கூடாது; இடுப்புப் பட்டியின் கொக்கி பெயின்டைக் கீறிவிடும். திறந்திருக்கும் பானட்டை உதவியாக இருக்கட்டுமே என்று நீங்கள் மூடப் போகாதீர்கள். ஆரம்பகால எம்ஜிபிகளின் பானட் அலுமினியம். உள்ளங்கையை வைத்து அழுத்தினால் நெளிந்துவிடும். ரப்பர் பம்பர் விவாதத்திலும் தலையிட வேண்டாம். 1974-இன் இறுதியில், அமெரிக்க விதிகளுக்காகக் குரோம் பம்பரை எடுத்துவிட்டுக் கறுப்பு ரப்பர் பம்பரைப் போட்டு, வண்டியின் உயரத்தையும் கூட்டினார்கள். குரோம் பம்பர்க்காரர்கள் இன்னமும் அதை மன்னிக்கவில்லை. உங்களுடையது 1972 என்பதால் உங்களைத் தம் பக்கம் இழுப்பார்கள். சிரித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள், ஏனென்றால் மழைநாளில் வண்டி நின்றுபோனால் இழுத்துவர வருபவர் ரப்பர் பம்பர்க்காரராகவும் இருக்கலாம்.

கார் இல்லாமலேயே கிளப்புக்குப் பயன்படும் வழி ஒன்று இருக்கிறது. கிளப் பயணங்களில் வழியைச் சின்னச் சின்னச் சந்திப் படங்களாக வரைந்த ஏடு ஒன்றைத் தருவார்கள்: அடியில் புள்ளி, நுனியில் அம்புக்குறி, பக்கத்தில் தூரம். ஓட்டுபவரால் அதைப் படித்துக்கொண்டே ஓட்ட முடியாது. பக்கத்தில் இருப்பவர்தான் படித்துச் சொல்ல வேண்டும். மனைவி வரமுடியாத உறுப்பினர்கள் எப்போதும் இப்படி ஓர் ஆளைத் தேடிக்கொண்டிருப்பார்கள். ஏப்ரலில் வரும் டிரைவ் இட் டே, 1900-ஆம் ஆண்டின் ஆயிரம் மைல் ஓட்டத்தை நினைவுகூரும் நாள். அன்றைக்கு நாடு முழுக்கப் பழைய கார்கள் வெளியே வரும். வழி படிக்க நான் வருகிறேன் என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள். நாள் முழுவதும் எம்ஜிபியின் இடப்பக்க இருக்கையில் உட்கார்ந்து வந்தால், அந்தக் கார் உங்களுக்கு ஒத்துவருமா என்பதும் தெரிந்துவிடும். ஹீட்டரை நம்பாமல் கம்பளிச் சட்டை எடுத்துப் போங்கள்.

ரெடிங்வாசி எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. எழுதாமல் விட்ட கேள்வியை அக்கா சரியாகவே பிடித்துவிட்டீர்கள். வரும் கூட்டத்துக்குப் படங்களோடு போகலாம் என்று முடிவு செய்திருக்கிறேன். இன்னும் இரண்டு ஐயங்கள். காப்பீடு, வரி, பெட்ரோல் போன்றவற்றில் கிளப் உறுப்பினராக இருப்பதால் ஏதேனும் வேறுபாடு உண்டா? என் அன்றாட நவீன காரில் கூட்டத்துக்குப் போனால் தவறாக எண்ணுவார்களா?

அபிங்டன் பக்கத்துக்காரர் எழுதியது:

காப்பீட்டில் வேறுபாடு உண்டு. பழைய கார்களுக்கான நிறுவனங்கள் பல, கிளப் உறுப்பினருக்குக் கட்டணத்தைக் குறைக்கின்றன. அதைவிட முக்கியம், காரின் மதிப்பை முன்கூட்டியே ஒப்புக்கொண்டு எழுதும் பாலிசியை எடுப்பது. இல்லையென்றால் விபத்துக்குப் பின் அதைப் பழைய இரும்பு விலைக்கு மதிப்பிட வாய்ப்புண்டு. அந்த மதிப்பீட்டுக்குக் கிளப் தரும் கடிதத்தை நிறுவனங்கள் ஏற்றுக்கொள்வது வழக்கம். வரியைப் பொறுத்தவரை, நாற்பது ஆண்டு கடந்த கார்களுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் அது தானாக நடக்காது, வரலாற்று வாகனம் என்ற பிரிவுக்கு மாற்றியிருக்கிறார்களா என்று பதிவுச் சான்றில் பாருங்கள். பெரிய மாற்றங்கள் செய்யப்படாத அத்தகைய கார்களுக்கு 2018 மே முதல் ஆண்டுச் சோதனையும் கட்டாயம் இல்லை. இருந்தாலும் நானும் என் நண்பர்களும் ஆண்டுதோறும் காட்டிவிடுகிறோம். பிரேக் குழாயை இன்னொருவர் கண்ணும் பார்ப்பது நல்லது. பெட்ரோல் 2021 செப்டம்பர் முதல் இங்கே சாதாரண பம்பில் இ10, அதாவது பத்து விழுக்காடு வரை எத்தனால் கலந்தது, ஆகிவிட்டது. அதிலுள்ள எத்தனால் பழைய ரப்பர்க் குழாய்களை அரிக்கும் என்பதால் எத்தனால் குறைந்த, விலை கூடிய இ5-ஐயே ஊற்றுங்கள்.

நவீன காரில் வருவதை யாரும் தவறாக எண்ணமாட்டார்கள். மழை பெய்தால் பாதிப்பேர் அப்படித்தான் வருவார்கள். பழைய கார்களுக்கென்று ஒதுக்கிய வரிசையில் மட்டும் நிறுத்தாமல், பப்பின் பின்பக்கம் கொண்டுபோய் விட்டுவிட்டு நடந்து வாருங்கள்.