பிட்எக்ஸ் 40: கடைசிக் கட்டத்துக்கு 24 வோல்ட் கொடுக்கலாமா?

மொட்டைமாடி:

அனைவருக்கும் வணக்கம். ஹைதராபாத்தைச் சேர்ந்த அஷ்ஹர் ஃபர்ஹான் வடிவமைத்த பிட்எக்ஸ் 40 சர்க்யூட்டை வைத்து, ஏழு மாதங்களாக விட்டுவிட்டு வேலை செய்து, 7 மெகாஹெர்ட்ஸ் அமெச்சூர் (ஹாம்) பேண்டுக்கான எஸ்.எஸ்.பி. டிரான்சீவர் (குரலை அனுப்பவும் கேட்கவும் உதவும் ரேடியோ) ஒன்றை முடித்திருக்கிறேன். கிட் வாங்கவில்லை, போர்டும் நானே செய்ததுதான். அதிர்வெண் வேலையை எஸ்ஐ5351 சிப்பும் ஆர்டுயினோ நானோவும் பார்த்துக்கொள்கின்றன. 12 வோல்ட் பேட்டரியில் டம்மி லோடில் (ஆன்டெனாவுக்குப் பதில் மாட்டும் சோதனை ரெசிஸ்டர்) 7 வாட் காட்டுகிறது. பகலில் மதுரையிலிருந்து கோயம்புத்தூர், திருவனந்தபுரம் வரை பேசிவிட்டேன். ஆனால் பாதிப் பேர், "உங்கள் குரல் இரைச்சலுக்குள் போய்விடுகிறது, மறுபடியும் சொல்லுங்கள்" என்றே பதில் தருகிறார்கள்.

சிக்னலைப் பெருக்கி ஆன்டெனாவுக்கு அனுப்பும் கடைசிக் கட்டத்தில் இருக்கும் ஐ.ஆர்.எஃப்.510 மாஸ்ஃபெட்டுக்கு (ஒருவகை டிரான்சிஸ்டர்) மின்சாரம் தனிக் கம்பியில் போகிறது. அந்தக் கம்பிக்கு மட்டும் 24 வோல்ட் கொடுத்தால் 20 வாட் வரை கிடைக்கும் என்பது பிட்எக்ஸ் கட்டுபவர்கள் எல்லோரும் அறிந்த செய்தி. வடிவமைப்பிலேயே அதற்கு இடம் விடப்பட்டிருக்கிறது. என்னிடம் பழைய யு.பி.எஸ். பேட்டரிகள் இரண்டு சும்மா கிடக்கின்றன. தொடராக இணைத்துவிடலாமா? பெரியவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

நிதானம்:

தம்பி, முதலில் வாழ்த்துகள். சொந்தமாகப் போர்டு செய்து எஸ்.எஸ்.பி. பேசுவது சிறிய காரியம் அல்ல. ஆனால் பேட்டரியைத் தொடுவதற்கு முன் ஒரு கணக்கைப் பாருங்கள். 7 வாட்டிலிருந்து 20 வாட் என்பது ஏறத்தாழ 4.6 டெசிபல். மறுமுனையில் இருப்பவரின் எஸ் மீட்டரில், அதாவது சிக்னல் பலத்தைக் காட்டும் மீட்டரில், ஒரு எஸ் அலகு என்பது 6 டெசிபல். அதாவது நீங்கள் பவரை ஏறக்குறைய மூன்று மடங்காக்கினாலும் அவருடைய முள் ஒரு முழு அலகுகூட நகராது.

இதற்கு நீங்கள் கொடுக்கும் விலை அதிகம். ஐ.ஆர்.எஃப்.510 அடிப்படையில் சுவிட்ச் வேலைக்காகச் செய்யப்பட்ட மாஸ்ஃபெட். மலிவு என்பதால் நாம் அதை ரேடியோவுக்குள் இழுத்து வந்தோம். உள்ளே இருக்கும் சிலிக்கன் துண்டுக்கும் வெளிக்கூட்டுக்கும் இடையில் அதன் வெப்பத்தடை ஒரு வாட்டுக்கு 3.5 டிகிரி. 20 வாட் வெளியே போகும்போது ஏறக்குறைய அதே அளவு வெப்பமாகவும் விழும் என்று வையுங்கள். கூட்டைவிட உள்ளே 70 டிகிரி கூடுதலாக இருக்கும். சூடு ஏற ஏற அதைத் திறக்கக் கேட் முனைக்குத் தேவையான மின்னழுத்தம் இறங்கும். அது இறங்கினால் பயாஸ் மின்னோட்டம் (சிக்னல் இல்லாதபோதும் ஓடும் மின்னோட்டம்) தானாகவே ஏறும். அது மேலும் சூட்டைக் கூட்டும். இந்தச் சுழலில் சிக்கிய மாஸ்ஃபெட்டுகளை நான் ஒரு டப்பா நிறைய வைத்திருக்கிறேன்.

குழாய்வாஷர்:

நிதானம் ஐயா சொன்ன கணக்கு சரி. அதிலிருந்து எடுத்த முடிவு தவறு. எஸ் மீட்டர் முள் எவ்வளவு நகர்கிறது என்பது பலமாகக் கேட்கும் நிலையங்களுக்குப் பொருந்தும் பேச்சு. தம்பியின் சிக்கல் அதுவல்ல. அவர் இரைச்சலின் விளிம்பில் நிற்கிறார். சொல் புரிகிறதா இல்லையா என்பது அந்த விளிம்பில் மூன்று நான்கு டெசிபலில்தான் தீர்மானமாகிறது. கழுத்தளவு தண்ணீரில் நிற்பவனிடம் போய், ஒரு சாண் உயரம் என்ன பெரிய வித்தியாசம் என்று கேட்க மாட்டோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த ரேடியோவின் பரம்பரையே கையில் கிடைத்ததை வைத்து மாற்றிப் பார்ப்பதுதான். 14 மெகாஹெர்ட்ஸுக்கான முதல் பிட்எக்ஸை ஃபர்ஹான் வெளியிட்டபோது, அதன் சுருள்களைத் தண்ணீர்க் குழாயில் போடும் வாஷர்களின் மேல் சுற்றச் சொன்னார். இறக்குமதியான டொராய்டு (சுருள் சுற்றும் காந்த வளையம்) இந்தியச் சிறு நகரங்களில் கிடைக்காது என்பதால். என் பெயரும் அதிலிருந்து வந்ததுதான். ஒரே பெருக்கிகள் அனுப்பும்போது ஒரு திசையிலும் கேட்கும்போது எதிர்த்திசையிலும் வேலை செய்யும் அந்த அமைப்பை, எளிய டிரான்சிஸ்டர்களை வைத்தே எத்தனையோ பேர் வீட்டில் கட்டினார்கள். "தொடாதே" என்று சொல்லியிருந்தால் அவர்களில் ஒருவரும் கட்டியிருக்க மாட்டார்.

தம்பி, செய்யுங்கள், ஆனால் ஒழுங்காகச் செய்யுங்கள். 24 வோல்ட் கடைசிக் கட்டத்தின் டிரெயின் கம்பிக்கு (மாஸ்ஃபெட்டுக்கு மின்சாரம் ஏறும் முனை) மட்டுமே போக வேண்டும். ரிலே, பயாஸ் ரெகுலேட்டர், மற்ற எல்லாம் 12 வோல்ட்டிலேயே இருக்கட்டும். டிரெயின் பக்கத்தில் 25 வோல்ட் எலக்ட்ரோலிட்டிக் கப்பாசிட்டர் போட்டிருந்தால் கழற்றிவிட்டு 50 வோல்ட் போடுங்கள். நன்றாகச் சார்ஜ் ஏறிய இரண்டு பேட்டரிகள் சேர்ந்தாலே 25ஐத் தாண்டிவிடும். மாஸ்ஃபெட்டின் உலோக முதுகும் டிரெயினும் ஒன்றே என்பதால் ஹீட்சிங்குக்கு நடுவில் மின்சாரம் தாவாமல் தடுக்கும் மைக்காத் தகடு கட்டாயம். அதைவிட முக்கியம், ஹீட்சிங்க் பெரியதாக இருக்க வேண்டும்.

நிதானம்:

குழாய்வாஷர் அவர்கள் உவமையில் வென்றுவிட்டார். நான் மில்லிவாட்டில் பேசுகிறேன். 30 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே அனுப்பும் அமெச்சூர் கருவியின் தேவையற்ற அலைகள், முதன்மைச் சிக்னலைவிட 43 டெசிபலாவது கீழே இருக்க வேண்டும் என்பது அமெரிக்க விதி. நமக்கும் அது நல்ல அளவுகோல். 43 டெசிபல் என்றால் ஏறத்தாழ இருபதாயிரத்தில் ஒரு பங்கு. அதாவது 20 வாட் அனுப்பும்போது ஹார்மோனிக் (அதிர்வெண்ணின் இரண்டு, மூன்று மடங்கில் எழும் வேண்டாத அலை) 1 மில்லிவாட்டைத் தாண்டக்கூடாது. தம்பியிடம் அதை அளந்து பார்க்கக் கருவி இருக்கிறதா?

7 மெகாஹெர்ட்ஸின் ஹார்மோனிக்குகள் 14, 21 என்று நம்முடைய பேண்டுகளிலேயே விழுவதால் யாருக்கும் தொந்தரவு இல்லை என்று சொல்பவர்களும் உண்டு. அது அரை உண்மை. நம் நாட்டில் 7.2 வரை நமக்கு இடம் இருக்கிறது. 7.19இல் பேசினால் இரண்டாம் ஹார்மோனிக் 14.38இல் விழும், 14 மெகாஹெர்ட்ஸில் இருக்கும் 20 மீட்டர் பேண்டு 14.35இலேயே முடிந்துவிடுகிறது. 7.16இல் பேசினால் மூன்றாவது 21.48இல் விழும், 21 மெகாஹெர்ட்ஸில் இருக்கும் 15 மீட்டர் பேண்டின் எல்லை 21.45. அங்கே இருப்பவர்கள் நமக்குச் சொந்தக்காரர்கள் அல்லர்.

அனுபவசாலிகளுக்கே இது நடந்திருக்கிறது. அதே ஃபர்ஹானின் மைக்ரோபிட்எக்ஸ் என்ற பல பேண்டு ரேடியோவின் தொடக்கப் பதிப்புகளில், உயர்ந்த அதிர்வெண்களை வெட்டும் வடிகட்டிகளை மாற்றும் ரிலேக்களைச் சுற்றி ஹார்மோனிக் கசிந்து வெளியே போனது. உயர் பேண்டுகளில் கருவிக்குள் பயன்படும் 45 மெகாஹெர்ட்ஸ் இடைநிலை அதிர்வெண் கலந்து இன்னொரு வேண்டாத சிக்னலும் எழுந்தது. 28இல் அனுப்பினால் அது 45இலிருந்து 28ஐக் கழித்த 17இல் வரும், கீழே இருப்பதால் வடிகட்டியும் அதைத் தடுக்காது. ஐந்தாம் பதிப்பில்தான் அவை சரிசெய்யப்பட்டன.

அரைஅலை:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். இவ்வளவு பேசியும் ஒருவரும் ஆன்டெனா என்ன என்று கேட்கவில்லை.

மொட்டைமாடி:

இன்வெர்ட்டட் வி டைபோல், அண்ணா, கவிழ்த்த வி வடிவில் இரண்டு கம்பிகள். ஒரு பக்கத்துக்கு 10 மீட்டர் கம்பி. மூன்றாவது மாடியின் மேல் மொட்டைமாடியில், 4 மீட்டர் இரும்புக் குழாயின் உச்சியில் நடுப்பகுதி இருக்கிறது. இரண்டு முனைகளும் கைப்பிடிச் சுவரில் கட்டியிருக்கின்றன. தரையிலிருந்து பார்த்தால் 13 மீட்டருக்கு மேல் இருக்கும். எஸ்.டபிள்யூ.ஆர். (ஆன்டெனாவிலிருந்து பவர் எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டும் எண், 1 என்றால் சிறப்பு) 1.4.

அரைஅலை:

தரையிலிருந்து 13 மீட்டர் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். ஆன்டெனா அப்படி நினைக்காது. மொட்டைமாடித் தளத்துக்குள் கம்பி வலை ஓடுகிறது. உங்கள் டைபோலுக்கு அதுதான் தரை. நடுப்பகுதி அதற்கு 4 மீட்டர் மேலே, முனைகள் ஒரு மீட்டர் மேலே. நம் 7 மெகாஹெர்ட்ஸில், அதாவது 40 மீட்டர் பேண்டில், கால் அலை உயரம் என்பதே 10 மீட்டர். கோவைக்கும் திருவனந்தபுரத்துக்கும் அலை மேல்நோக்கிப் போய்த் திரும்பினால் போதும் என்பதால் தாழ்வான டைபோல் குற்றமில்லை. ஆனால் முனைகள் கான்கிரீட்டை உரசிக்கொண்டு இருந்தால் பவரின் ஒரு பகுதி கட்டடத்தைத்தான் சூடாக்கும். 1.4 என்ற எஸ்.டபிள்யூ.ஆரை நம்பி மகிழ வேண்டாம். டம்மி லோடு அதைவிட நல்ல எண்ணைக் காட்டும். குழாயை 7 மீட்டராக்கி, முனைகளை மூங்கில் வைத்துத் தலைக்கு மேல் உயர்த்துங்கள். கேட்பதும் சேர்ந்து மேம்படும். பேட்டரியால் அது முடியாது.

குழாய்வாஷர்:

அரைஅலையோடு எனக்குச் சண்டையில்லை. மூங்கிலும் ஏறட்டும், வோல்ட்டும் ஏறட்டும்.

ஆனால் நிதானம் ஐயா மைக்ரோபிட்எக்ஸை எடுத்துக்காட்டியது அவருக்கே எதிராகப் போகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். அந்தக் கசிவைக் கண்டுபிடித்தவர்கள் யார்? பெட்டியைத் திறந்து, ஃபில்டர் போர்டை மாற்றி, வேறு ரிலே போட்டுப் பார்த்து, முடிவுகளைப் பொதுவில் வைத்த கட்டுநர்கள்தாமே? அவர்கள் "வந்தது வந்தபடி இருக்கட்டும்" என்று இருந்திருந்தால் ஐந்தாம் பதிப்பே வந்திருக்காது.

நிதானம்:

அவர்கள் முதலில் அளந்தார்கள், பிறகு சால்டரிங் அயர்னை எடுத்தார்கள். நான் கேட்பதும் அந்த வரிசையைத்தான். மாற்றவே கூடாது என்று நான் எங்கும் எழுதவில்லை. அளக்க முடியாத பவரை ஆன்டெனாவுக்குக் கொடுக்காதே என்றுதான் எழுதினேன். நமக்குக் கிடைத்திருக்கும் உரிமம் இந்தப் பவரையெல்லாம் தாராளமாக அனுமதிக்கிறது, அதில் வாதமே இல்லை. ஆனால் கம்பெனி ரேடியோ வாங்கியவர் தன் சிக்னலுக்குக் கம்பெனியைக் கைகாட்டலாம். சொந்தமாகக் கட்டியவருக்கு அந்த வசதி கிடையாது.

இன்னொரு சின்ன விஷயம். வடிகட்டியில் என்ன கப்பாசிட்டர்கள் போட்டிருக்கிறீர்கள்? 50 ஓமில் 20 வாட் என்றால் உச்ச மின்னழுத்தம் 45 வோல்ட்டை நெருங்கும். ஆன்டெனா அறுந்தாலோ மழையில் எஸ்.டபிள்யூ.ஆர். ஏறினாலோ அது இரட்டிப்பாகக்கூடும். 50 வோல்ட் செராமிக் வில்லைகள் அதைத் தாங்கா.

மொட்டைமாடி:

இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். வடிகட்டியில் இருந்தவை 50 வோல்ட் வகைதான். மூன்றையும் மாற்றினேன். எலக்ட்ரோலிட்டிக்கையும் மாற்றினேன். நண்பர் ஒருவரிடம் டைனிஎஸ்ஏ என்ற கையடக்க ஸ்பெக்ட்ரம் அனலைசர் (எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு சிக்னல் என்று காட்டும் கருவி) இருந்தது. 20 வாட் என்பது 43 டிபிஎம், அதாவது 1 மில்லிவாட்டைவிட 43 டெசிபல் மேலே. அந்தக் கருவி 10 டிபிஎம்முக்கு மேல் தாங்காது என்பதால், பவரைத் தாங்கும் 40 டெசிபல் அட்டென்யூவேட்டர் (சிக்னலைக் குறைக்கும் அமைப்பு) ஒன்றைச் செய்து நடுவில் வைத்தோம்.

இதுவரை பேசிய எல்லோருக்கும் வியப்பு தரும் செய்தி இதுதான்: முதலில் எதையும் ஏற்றாமல் 12 வோல்ட்டிலேயே அளந்தோம். இரண்டாம் ஹார்மோனிக் 38 டெசிபல்தான் கீழே இருந்தது. அதாவது இத்தனை நாளும் நான் அடக்கமாக 7 வாட்டில் பேசிக்கொண்டிருந்தபோதே வரம்பைத் தாண்டித்தான் இருந்திருக்கிறேன். 24 வோல்ட்டில் அது 36 ஆயிற்று.

காரணம் வடிகட்டியின் மதிப்புகளில் இல்லை, என் கம்பியோட்டத்தில் இருந்தது. பெட்டியில் இடம் போதாமல், மாஸ்ஃபெட்டிலிருந்து வடிகட்டிக்குள் போகும் கம்பியையும் வடிகட்டியிலிருந்து ஆன்டெனா சாக்கெட்டுக்குப் போகும் கம்பியையும் ஒரே கட்டாக டேக் போட்டுக் கட்டியிருந்தேன். பார்க்க அழகாக இருந்தது. ஹார்மோனிக் வடிகட்டிக்குள் நுழையாமலே ஒரு கம்பியிலிருந்து மறு கம்பிக்குத் தாவிக்கொண்டிருந்தது. வெளியே போகும் கம்பியை மெல்லிய கோஆக்ஸாக மாற்றி, பெட்டியின் மறு ஓரமாக ஓட்டி, நடுவில் தகரத் துண்டு ஒன்றைச் சால்டர் செய்து நிறுத்தினேன். இப்போது 24 வோல்ட்டில் 49 டெசிபல் கீழே இருக்கிறது. குழாய் இன்னும் 4 மீட்டர்தான், மூங்கில் வாங்கியாயிற்று.

குழாய்வாஷர்:

பார்த்தீர்களா? 24 வோல்ட் ஆசை வந்திராவிட்டால் தம்பி அந்தப் பெட்டியைத் திறந்தே இருக்க மாட்டார்.

நிதானம்:

அளக்கச் சொல்லியிராவிட்டால் திறந்தும் பயன் இருந்திருக்காது. தம்பி, 49 நல்ல எண். மூன்றாம் ஹார்மோனிக்கையும் எழுதுங்கள். பயாஸை 24 வோல்ட்டில் மறுபடியும் அமைத்தீர்களா? 12இல் வைத்த 100 மில்லிஆம்பியரை அப்படியே விட்டிருந்தால், நீங்கள் மைக்கில் பேசாமல் பட்டனை மட்டும் அழுத்திக்கொண்டிருக்கும் நேரத்திலேயே 2.4 வாட் சூடு விழும்.

மொட்டைமாடி:

மூன்றாவது 55 கீழே, ஐயா. பயாஸை மறுபடியும் அமைக்கவில்லை. இன்று மாலை மீட்டரைத் தொடராக இணைத்துப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.